இடுப்பு மூட்டு நோயில் ஆய்வு செய்வது எப்படி: ஆளைச் சேர்ப்பதிலிருந்து முடிவை எண்ணுவது வரை

நோயாளி "இடுப்பு வலிக்கிறது" என்று சொன்னதும் படிவத்தில் குறித்துவிடாதீர்கள். கையை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். தமிழில் இடுப்பு என்றாலே பலருக்கு முதுகின் அடிப்பகுதிதான். மருத்துவர் சொல்லும் இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் உருண்டைத் தலை கிண்ணம் போன்ற குழிக்குள் சுழலும் இடம். அங்கே நோய் வந்தால் வலி பெரும்பாலும் கவட்டையில், தொடை இடுக்கில்தான் தெரியும். சிலர் கட்டைவிரலைப் பின்னாலும் மற்ற விரல்களை முன்னாலும் வைத்து மூட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். சிலருக்கு முழங்கால் மட்டுமே வலிக்கும். முழங்காலை எத்தனை முறை படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. தொடையின் வெளிப்பக்க எலும்புப் புடைப்பை ஒரே விரலால் தொட்டு "இங்கேதான்" என்பவருக்கு மூட்டு நன்றாகவே இருக்கலாம். அங்குள்ள தசைநாணில்தான் கோளாறு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் சிகிச்சையில் சறுக்குவதில்லை. யாரைச் சேர்த்தோம், எதை, எப்படி அளந்தோம் என்பதில்தான் சறுக்குகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அளப்பதைப் பற்றியே இருக்கும்.

யாரைச் சேர்ப்பது

படிவத்தின் முதல் பக்கத்தில் உடலின் முன்புறம், பின்புறம் வரைந்த படம் ஒன்றை வையுங்கள். வலிக்கும் இடத்தை நோயாளியே பேனாவால் தீட்டட்டும். கவட்டையைத் தொடாமல் முதுகிலும் பிட்டத்திலும் மட்டும் தீட்டியிருந்தால் முதுகெலும்பைப் பரிசோதிக்காமல் சேர்க்காதீர்கள்.

தேய்மான நோய்க்கு 1991 இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. எக்ஸ்ரேயும் சேர்த்துப் பார்ப்பதானால், மூட்டு வலியோடு மூன்றில் இரண்டேனும் இருக்க வேண்டும்: இஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) மணிக்கு 20 மி.மீ.க்குக் குறைவு, எலும்பு முளைகள், மூட்டு இடைவெளி குறுகல். படம் இல்லாமல் பரிசோதனையை மட்டும் நம்புவதானால் இரண்டு வழிகள். உள்சுழற்சி (தொடை உள்நோக்கித் திரும்புவது) 15 டிகிரிக்குக் குறைந்து, மடக்கமும் (தொடை வயிற்றை நோக்கி உயர்வது) 115 டிகிரிக்கு மேல் போகாதவர் ஒரு வகை. உள்சுழற்சி 15 டிகிரியோ கூடவோ இருந்தாலும் அப்படிச் சுழற்றும்போது வலித்து, காலை விறைப்பு 60 நிமிடத்துக்குள் அடங்கி, வயது 50 ஐத் தாண்டியவர் இன்னொரு வகை. இரண்டில் எது என்று நெறிமுறையில் எழுதி, ஆய்வு முடியும்வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் மாற்றினால் முன்பாதி நோயாளிகளும் பின்பாதி நோயாளிகளும் வேறு வேறு கூட்டமாகிவிடுவார்கள்.

இளவயதில் வரும் எலும்பு இடிப்புக்கு (அசையும்போது தொடை எலும்பும் கிண்ண விளிம்பும் மோதுவது) எல்லோரும் செய்யும் சோதனை, இடுப்பை மடக்கி, உள்ளே அணைத்து, உள்சுழற்றிப் பார்ப்பது. இதில் வலி இல்லையென்றால் இடிப்பு இருக்க வாய்ப்பு குறைவு. வலி இருந்தால் மட்டும் இடிப்பு உறுதியாகிவிடாது, ஏனென்றால் மூட்டுக்குள் வேறு எந்தக் கோளாறு இருந்தாலும் இந்த நிலையில் வலிக்கும். வேண்டாதவரைக் கழிக்க உதவும் சோதனை இது; இதை மட்டும் வைத்து ஒருவரை ஆய்வுக்குள் எடுப்பது தவறு.

முதுகா மூட்டா என்ற சந்தேகம் தீரவில்லையென்றால் மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம். ஸ்கேன் வழிகாட்டலோடு மட்டுமே போட வேண்டும், ஏனெனில் ஊசி மூட்டுக்குள் போகவில்லையென்றால் சோதனைக்கே பொருளில்லை. அளவு 5 மி.லி. போதும், அதிகம் செலுத்தினால் மூட்டுறை விரிவதே வலி தரும். ஊசிக்கு முன் வலியைத் தூண்டும் ஓர் அசைவைத் தேர்ந்து 0 முதல் 10 வரை மதிப்பு வாங்குங்கள். 15 முதல் 30 நிமிடம் கழித்து அதே அசைவைச் செய்யச் சொல்லி மறுபடி கேளுங்கள். வலி பாதியாவது குறைந்தால் மூட்டிலிருந்து வருகிறது என்று கொள்வது வழக்கம். மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டையும் கலந்து போட்டுவிட்டால் அவரை உடனே ஆய்வில் சேர்க்க முடியாது. ஸ்டீராய்டின் பலன் வாரக்கணக்கில் நீடித்துத் தொடக்க அளவையே கெடுக்கும். மூட்டு மாற்று அறுவைக்குப் போகிறவரானால் ஊசிக்கும் அறுவைக்கும் இடையே மூன்று மாதம் விடுவது நல்லது. இல்லாவிட்டால் தொற்று அபாயம் கூடும்.

இரண்டு பக்கமும் நோய் உள்ளவரை என்ன செய்வது? எந்தப் பக்கத்தை ஆய்வில் எண்ணப்போகிறோம் என்பதைக் குழு ஒதுக்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். வலி அதிகமுள்ள பக்கம், இரண்டும் சமமென்றால் வலப்பக்கம் என்பது போல ஒரே விதி போதும். இரண்டு மூட்டையும் இரண்டு நோயாளிகளைப் போல எண்ணுவது இந்தத் துறையில் பழைய நோய். ஒருவரின் இரு மூட்டுகளும் ஒரே எடையைச் சுமக்கின்றன, ஒரே மருந்தை உண்கின்றன, ஒரே மனநிலையில் கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. 60 பேரின் 100 மூட்டுகள் 100 பேருக்குச் சமமாகாது. சமமாக எண்ணினால் பிழை வரம்பு பொய்யாகக் குறுகும்.

எக்ஸ்ரே: படம் எடுக்கும்போதே அளவு தீர்மானமாகிறது

தேவைப்படுவது இடுப்புக்கூடு முழுவதும் தெரியும் முன்–பின் படம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்த படத்தில் சாய்வையும் திருப்பத்தையும் சரிபார்க்க வழியில்லை. கால்களை 15 டிகிரி உள்ளே திருப்புங்கள். இரு பெருவிரல்களும் ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் ஏறக்குறைய சரியாக வரும். இப்படித் திருப்பினால்தான் தொடை எலும்பின் கழுத்து தன் முழு நீளத்தில் தெரியும். திருப்பாமல் எடுத்தால் கழுத்து குட்டையாகவும், கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம் பெரிதாகவும் தோன்றும். குழாய்க்கும் தட்டுக்கும் இடையே 120 செ.மீ. என்று நிறுத்திக்கொள்ளலாம். கதிரின் மையம், இடுப்பெலும்பின் இரு முன்முனைகளையும் இணைக்கும் கோட்டுக்கும் பூப்பெலும்பு இணைவின் மேல்விளிம்புக்கும் நடுவே விழ வேண்டும்.

படம் வந்ததும் அளக்க உட்காராதீர்கள். ஏற்கத்தக்க படமா என்று முதலில் பாருங்கள். வால் எலும்பின் நுனி பூப்பெலும்பு இணைவுக்கு நேர் மேலே இருக்கிறதா? இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள இருபுறத் துளைகளும் ஒரே அளவா? ஒன்று அகன்றும் மற்றது ஒடுங்கியும் இருந்தால் உடல் திரும்பியிருக்கிறது. சாய்வைப் பார்க்க, வால் எலும்பின் நுனிக்கும் இணைவின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 1 முதல் 3 செ.மீ. வரை இருந்தால் ஏற்கலாம். இடுப்புக்கூடு முன்னே சாய்ந்தால் கிண்ணம் தலையை அதிகமாக மூடியது போலவும், பின்னே சாய்ந்தால் குறைவாக மூடியது போலவும் தெரியும். ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்துவிட்டு நோய் மாறிவிட்டது என்று எழுதும் அபத்தம் இங்கேதான் பிறக்கிறது.

உருப்பெருக்கத்தை மறக்கவேண்டாம். மூட்டு தட்டிலிருந்து விலகி இருப்பதால் படத்தில் எல்லாம் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு பெரிதாகத் தெரியும். 25 மி.மீ. உலோக உருண்டை ஒன்றைத் தொடையின் வெளிப்புடைப்பு இருக்கும் உயரத்தில் வைத்து எடுத்தால் கணக்குப் போட்டுத் திருத்தலாம். உருண்டையை மேசை மேல் வைத்தால் அது மூட்டைவிடத் தட்டுக்கு நெருக்கமாகி, திருத்தமே தவறாகும். பருமனானவர்களிடம் இந்தப் பிழை அதிகம்.

மூட்டு இடைவெளியை மூன்று இடங்களில் அளங்கள்: கிண்ணத்தின் எடைதாங்கும் கூரையின் வெளி ஓரம், நடு, உள் ஓரம். மிகக் குறுகிய இடத்தைத் தனியாகக் குறியுங்கள். 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழே போனவரிடம் துளைவழி அறுவை (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்வது) நன்றாகப் பலிப்பதில்லை. அந்த அறுவையைச் சோதிக்கும் ஆய்வில் அப்படிப்பட்டவரைச் சேர்த்தால், தோல்வியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டதற்குச் சமம்.

கிண்ணம் தலையை எவ்வளவு மூடுகிறது என்பதற்கு 1939 இல் வைபெர்க் கொடுத்த கோணம் இன்றும் போதும். தலையின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு, மையத்திலிருந்து கூரையின் வெளி ஓரத்துக்கு இன்னொரு கோடு. 20 டிகிரிக்குக் கீழே ஆழமற்ற கிண்ணம், 20 முதல் 25 வரை எல்லைக்கோடு, 40 ஐத் தொட்டால் அதிகமாக மூடிய கிண்ணம். "நேர் மேலே" என்பதைப் படத்தின் விளிம்பை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கிண்ணங்களின் உட்கீழ்ப் பக்கத்தில் தெரியும் இரு கண்ணீர்த்துளி வடிவ நிழல்களின் அடியையும் இணைத்துக் கோடு போட்டு, அதற்குச் செங்குத்தாக வரையுங்கள். நோயாளி மேசையில் சற்றே கோணலாகப் படுத்திருந்தாலும் அப்போது கோணம் தப்பாது. இடிப்புக்குக் காரணமான, தலைக்கும் கழுத்துக்கும் இடையிலான மேடு முன்பக்கத்தில்தான் பெரும்பாலும் இருப்பதால், அதை அளக்கும் ஆல்ஃபா கோணத்தை முன்–பின் படத்தில் மட்டும் அளந்தால் பலரைத் தவறவிடுவீர்கள். இடுப்பை 45 டிகிரி மடக்கி 20 டிகிரி அகட்டி எடுக்கும் டன் படமும் வேண்டும்.

தேய்மானத்தின் படிநிலைக்கு 1957 இல் கெல்கிரனும் லாரன்ஸும் வகுத்த 0–4 அளவையே பெரும்பாலோர் எடுக்கிறார்கள். இதில் தொல்லை 2 ஆம் நிலை. எலும்பு முளை மட்டும் போதுமா, இடைவெளியும் குறுகியிருக்க வேண்டுமா என்று ஆய்வுக்கு ஆய்வு வேறு விளக்கம். உங்கள் விளக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரிப் படத்தை வாசிப்பவரின் மேசையில் ஒட்டி வையுங்கள்.

கோணமானியும் நிறுத்துக்கடிகாரமும்

மடக்கம் அளக்க நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். கோணமானியின் அச்சு தொடையின் வெளிப்புடைப்பில், ஒரு கை உடலின் பக்கவாட்டு நடுக்கோட்டில், மற்றது முழங்காலின் வெளிப்புற எலும்பு முடிச்சை நோக்கி. மற்றத் தொடை மேசையை விட்டு எழும்பும் கணத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் வரும் டிகிரிகள் மூட்டுடையவை அல்ல, இடுப்புக்கூடு உருளுவதால் வருபவை. கவனிக்காவிட்டால் 100 டிகிரி மூட்டு 120 காட்டும்.

உள்சுழற்சியை உட்காரவைத்து, இடுப்பும் முழங்காலும் 90 டிகிரியில் இருக்க அளப்பது எளிது. அச்சு முழங்கால் சில்லின் நடுவில், ஒரு கை செங்குத்தாக, மற்றது கெண்டைக்கால் எலும்பின் முன்விளிம்பில். பாதம் வெளியே போனால்தான் இடுப்பு உள்ளே சுழல்கிறது. புதிதாகப் பயில்பவர்கள் பாதி நாள் இதைத் தலைகீழாக எழுதுவார்கள். கால் போகும்போது பிட்டம் ஒரு பக்கம் தூக்குகிறதா என்று உதவியாளர் ஒருவர் கைவைத்துப் பார்க்கட்டும். குப்புறப் படுக்கவைத்து இடுப்பை நேராக வைத்து அளந்தால் வேறு எண் வரும். முதல் மாதம் உட்காரவைத்தும் ஆறாம் மாதம் படுக்கவைத்தும் அளந்த ஏட்டைத் திருத்த யாராலும் முடியாது.

செயல்திறனை நேரடியாகப் பார்க்க இரண்டு சோதனை போதும். ஒன்று 30 விநாடி நாற்காலிச் சோதனை: கைப்பிடியில்லாத, இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ. உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முழுதாக நிமிர்ந்து நின்று உட்கார்வதே ஒரு எண்ணிக்கை. மற்றது 40 மீட்டர் வேகநடை: 10 மீட்டரை நான்கு தடவை, ஓடாமல், முடிந்த வேகத்தில். திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் சேர்க்காமல் கோட்டைத் தாண்டியதும் நிறுத்தி, மறுபடி தாண்டும்போது தொடருங்கள். எந்தச் செருப்பு, ஊன்றுகோல் உண்டா என்று எழுதி வையுங்கள். அடுத்த தடவையும் அதே நாற்காலி. இரண்டு அங்குலம் உயரம் கூடினாலே எழுவது எளிதாகி, சிகிச்சை பலித்தது போலத் தெரியும்.

வினாத்தாள்: எண் எந்தப் பக்கம் ஏறுகிறது

1969 இல் வந்த ஹாரிஸ் மதிப்பெண்ணில் வலிக்கு 44, செயலுக்கு 47, அசைவுக்கு 5, கோணலின்மைக்கு 4, ஆகமொத்தம் 100. மாற்று மூட்டு பொருத்திய பலர் 90 ஐத் தாண்டிக் கூரையில் முட்டி நின்றுவிடுவதால், இரண்டு நல்ல சிகிச்சைகளைப் பிரித்துக்காட்ட அதனால் முடிவதில்லை. அதை மருத்துவரே நிரப்புகிறார் என்பது இன்னொரு குறை. தான் செய்த அறுவைக்குத் தானே மதிப்பெண் போடுவதுதானே!

நோயாளியே நிரப்பும் வோமாக் வினாத்தாளில் 24 கேள்விகள்: வலிக்கு 5, விறைப்புக்கு 2, செயலுக்கு 17. ஒவ்வொன்றுக்கும் 0–4 என்றால் மொத்தம் 96, அதிகமானால் மோசம். ஹூஸ் வினாத்தாளில் 40 கேள்விகள், ஐந்து பிரிவுகள், 0–100, அதிகமானால் நலம். இடிப்புக்கும் இளவயது நோய்க்கும் ஐஹாட்-33 வினாத்தாள் பொருத்தம். அதிலும் 100 தான் நலம்.

ஆக்ஸ்போர்டு ஹிப் ஸ்கோர்தான் அதிகமாகக் குழப்புவது. 12 கேள்விகள். 1996 இல் வந்தபோது ஒவ்வொன்றுக்கும் 1–5, மொத்தம் 12–60, குறைந்தால் நலம். பின்னர் 0–4 ஆக்கி, மொத்தம் 0–48, அதிகமானால் நலம் என்று திருப்பிவிட்டார்கள். பழைய எண்ணை 60 இலிருந்து கழித்தால் புதியது கிடைக்கும். பழைய கட்டுரையின் 20 ஐயும் புதிய கட்டுரையின் 20 ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒருவர் நன்றாக நடப்பவர், மற்றவர் படியேற முடியாதவர். எண்ணைத் தாளில் ஏற்றும்போது எந்த முறை என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

விடுபட்ட பதில்களுக்கும் விதி முன்பே வேண்டும். ஆக்ஸ்போர்டில் இரண்டு வரை விட்டிருந்தால் மற்றப் பதில்களின் சராசரியை இட்டு நிரப்பலாம், மூன்றானால் மொத்தம் போடக்கூடாது. ஹூஸில் ஒரு பிரிவில் பாதிக்காவது பதில் இருக்க வேண்டும். காலுறை அணியாதவர் காலுறைக் கேள்வியைக் காலியாக விடுவார். அது மறதி அல்ல. அணிவதாக இருந்தால் எவ்வளவு சிரமம் என்று கேட்கும்படி உதவியாளருக்குச் சொல்லி வையுங்கள். எல்லோரிடமும் ஒரே வாசகத்தில் கேட்கவேண்டும்.

மொழிபெயர்த்த வினாத்தாளைப் பயன்படுத்துவதானால் முன்னே சொன்ன சிக்கல் திரும்ப வரும். "உங்கள் இடுப்பு வலி" என்று அச்சடித்தால் முதுகு வலிக்காரர் முதுகைப் பற்றியே எழுதித் தருவார். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, வேறிருவர் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட்ட பின்னும், சில நோயாளிகளை எதிரே உட்காரவைத்து "இந்தக் கேள்வி எதைப் பற்றிக் கேட்கிறது?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பி மொழிபெயர்த்தவர் இடுப்பை எளிதாக மூல மொழிக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கே தப்பிய பிழை நோயாளியின் வாயில்தான் பிடிபடும்.

வலி மாத்திரையைக் கணக்கில் எடுக்காத வலி எண் பாதி எண்தான். கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள், எந்த மாத்திரை என்று ஒவ்வொரு வருகையிலும் கேளுங்கள். ஒரு குழுவில் வலி 2 புள்ளி குறைந்து, மாத்திரை இரட்டிப்பாகியிருந்தால் அந்தச் சிகிச்சையைப் பாராட்ட ஒன்றுமில்லை.

உங்கள் அளவையே அளந்து பாருங்கள்

ஆய்வு தொடங்குமுன் 30 முதல் 40 படங்களை எடுத்து, இருவர் தனித்தனியே அளக்கட்டும். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, வரிசையைக் கலைத்து, பெயரை மறைத்து மறுபடி அளக்கட்டும். இதிலிருந்து உள்வகுப்பு ஒப்புறவுக் கெழு (அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழு ஒப்பு) கிடைக்கும். 0.90 வந்தால் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்த எண் மட்டும் போதாது, அதை மி.மீ.க்கு மாற்றிப் பாருங்கள். இடைவெளியின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி ஆளுக்கு ஆள் மாறும் அளவு) 0.8 மி.மீ. என்று வைப்போம். அளவீட்டுப் பிழை = 0.8 × √(1 − 0.90) = 0.25 மி.மீ. ஒருவரிடம் உண்மையிலேயே மாற்றம் நடந்தது என்று சொல்ல வேண்டிய குறைந்தபட்ச அளவு = 1.96 × √2 × 0.25, ஏறத்தாழ 0.7 மி.மீ. இடைவெளியோ ஓராண்டில் பெரும்பாலோர்க்கு ஒரு மி.மீ.-இல் சில பத்தில் ஒரு பங்குதான் குறுகும். ஆக, 0.90 என்ற அழகான எண்ணை வைத்துக்கொண்டும் தனி ஆளின் ஓராண்டு மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. குழுவின் சராசரியைப் பற்றிப் பேசலாம். அதுவும் இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்தால்.

படிநிலைகளுக்கு எடையிட்ட காப்பா என்ற ஒப்புமை எண் பொருந்தும். பழைய படம் எது, புதிய படம் எது என்று வாசிப்பவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தானாகவே நோயை வளர்த்துவிடும்.

ஒப்பீட்டு ஆய்வு

எத்தனை பேர் வேண்டும்? ஆக்ஸ்போர்டு எண்ணில் 5 புள்ளி வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கது, திட்ட விலக்கம் 10 என்று கொள்வோம். 5 விழுக்காடு முக்கியத்துவ எல்லை, 90 விழுக்காடு கண்டறியும் திறன். ஒரு குழுவுக்கு 2 × (1.96 + 1.28)² × 10² ÷ 5² = 84 பேர். 20 விழுக்காட்டினர் பாதியில் நின்றுவிடுவார்கள் என்றால் 84 ஐ 0.8 ஆல் வகுங்கள்: 105. பலர் 84 ஐ 1.2 ஆல் பெருக்கி 101 என்று எழுதுகிறார்கள். 101 இலிருந்து 20 விழுக்காடு போனால் 81 தான் மிஞ்சும். ஆள் கிடைக்காத பயத்தில் வித்தியாசத்தை 10 புள்ளி என்று உயர்த்தி வைத்தால் குழுவுக்கு 21 பேர் போதும் என்று கணக்கு வரும். அந்த 21 பேரிடம் 6 புள்ளி உண்மையான பலன் இருந்தாலும் அது சத்தத்தில் மூழ்கிவிடும்.

முதல் நோயாளியைச் சேர்க்குமுன் நெறிக்குழு ஒப்புதலும் பொதுப் பதிவேட்டில் பதிவும் முடிந்திருக்க வேண்டும். முதன்மை முடிவு எது, எந்த மாதத்தில் என்பதை அங்கேயே எழுதிவிடுங்கள். குழு ஒதுக்குவதைக் கணினி செய்யட்டும். மருத்துவமனை வாரியாகப் பிரித்து, தொகுதி (இத்தனை பேருக்குள் இரு குழுவும் சமமாக வரும் என்ற கட்டு) அளவை மாற்றி மாற்றி வைத்தால் அடுத்தவர் எந்தக் குழு என்று யாராலும் ஊகிக்க முடியாது. தொகுதி எப்போதும் நான்கு என்றால், மூன்று பேர் போனதும் நான்காமவரின் விதி வாசலிலேயே தெரிந்துவிடும்.

அறுவையையும் பயிற்சியையும் ஒப்பிடும்போது நோயாளியின் கண்ணைக் கட்ட முடியாது. அளப்பவரின் கண்ணைக் கட்டலாம். இரு குழுவினரும் ஒரே மாதிரி அரைக்கால் சட்டை அணிந்து, தழும்பு இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒட்டுத்துணி ஒட்டி வரட்டும். "என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள்" என்று முன்னறையிலேயே சொல்லி அனுப்புங்கள். முடிவில் அளந்தவரிடமே இவர் எந்தக் குழு என்று ஊகிக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள்.

போலிச் சிகிச்சையின் வலிமையைக் குறைத்து எண்ணவேண்டாம். 2014 இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 102 தேய்மான நோயாளிகளுக்கு 12 வாரம் ஃபிசியோதெரபி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் கைமுறைச் சிகிச்சையும் பயிற்சியும். மற்றதற்கு இயங்காத அல்ட்ராசவுண்டும் மருந்தில்லாக் களிம்பும். இரு குழுவும் தேறின. 13 ஆம் வாரத்தில் வலியிலோ செயலிலோ உண்மைச் சிகிச்சை முந்தவில்லை. போதாக்குறைக்கு, நோயாளி ஆய்வுக்கு வருவதே வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரத்தில் சற்று இறங்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "முன் – பின்" மட்டும் பார்க்கும் ஆய்வுகள் எல்லாச் சிகிச்சையையும் நல்லது என்று சொல்வது இதனால்தான்.

குழு மாறுவோர் இன்னொரு தலைவலி. 2024 இல் வெளியான டென்மார்க் ஆய்வு 50 வயதைத் தாண்டிய 109 பேரை மாற்று அறுவைக்கும் எடைப்பயிற்சிக்கும் பிரித்தது. ஆறு மாதத்தில் ஆக்ஸ்போர்டு எண்ணில் அறுவைக் குழு 11.4 புள்ளி அதிகம் தேறியது. அதற்குள் பயிற்சிக் குழுவில் 12 பேர் அறுவைக்குப் போய்விட்டார்கள், அறுவைக் குழுவில் 5 பேர் செய்துகொள்ளவே இல்லை. இவர்களை ஒதுக்கப்பட்ட குழுவிலேயே வைத்து எண்ணுவதுதான் முறை. எடுத்த சிகிச்சையின்படி மாற்றி அடுக்கினால், வலி தாங்காதவர்கள் எல்லாம் ஒரு பக்கம் குவிந்து ஒப்பீடு குலைந்துவிடும். அந்தக் கணக்கையும் காட்டலாம், இரண்டாம் இடத்தில்.

நேரத்தையும் எங்கிருந்து எண்ணுவது என்று யோசியுங்கள். 2018 இல் வந்த பிரித்தானிய இடிப்பு ஆய்வில் 348 பேரைத் துளைவழி அறுவைக்கும் தனிப்பட்ட பயிற்சிக்கும் பிரித்தார்கள். ஒதுக்கிய நாளிலிருந்து 12 மாதத்தில் ஐஹாட்-33 எண் அறுவைக் குழுவில் 58.8, பயிற்சியில் 49.7, திருத்திய வித்தியாசம் 6.8. அறுவைக்குக் காத்திருப்பு உண்டு என்பதால், அந்தக் குழுவுக்குச் சிகிச்சைக்குப் பின் கிடைத்த மாதங்கள் 12 ஐவிடக் குறைவு. சிகிச்சை நாளிலிருந்து எண்ணினால் இது தீரும், ஆனால் சிகிச்சை எடுக்காதவரை எங்கே வைப்பது? ஒதுக்கிய நாளே பத்திரம். ஒதுக்குவதை அறுவை நாளுக்கு முடிந்தவரை நெருக்கமாகத் தள்ளுங்கள்.

மாற்று மூட்டு: பொறுத்திருந்து எண்ண வேண்டியவை

மாற்று மூட்டின் முன்னோடி மருத்துவர் சார்ன்லி 1962 இல் தன் முறைக்கு நல்ல பாலிஎத்திலீனைக் கண்டதிலிருந்து மாற்று மூட்டு பெரும்பாலும் பலிக்கிறது. அதுவே ஆய்வுக்குத் தொல்லை. தோல்விகள் அரிது, அதுவும் பல ஆண்டு கழித்து. தொடைக் கழுத்து முறிவுக்கு முழு மாற்றையும் பாதி மாற்றையும் (தலையை மட்டும் மாற்றுவது) ஒப்பிட்ட 2019 ஆம் ஆண்டு ஆய்வில் 1,495 பேர் இருந்தும், 24 மாதத்தில் மறு அறுவை முழு மாற்றில் 7.9 விழுக்காடு, பாதி மாற்றில் 8.3 விழுக்காடு. பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மறு அறுவையை மட்டும் முதன்மை முடிவாக வைப்பதானால் பல ஆயிரம் பேரும் பல ஆண்டும் வேண்டும். அது, நாடு முழுவதும் பொருத்தும் மூட்டுகளைக் குறித்துவரும் தேசியப் பதிவேடுகளின் வேலை. சுவீடன் 1979 இலேயே தொடங்கிவிட்டது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளில் சிலவற்றின் கேடு பெருவாரியாகப் பொருத்திய பின் பதிவேடுகளில்தான் துலங்கியது.

குறைந்த பேரை வைத்துப் புதிய கிண்ணத்தைச் சோதிக்க, முப்பரிமாண எக்ஸ்ரே அளவீடு உண்டு. 0.8 அல்லது 1 மி.மீ. டான்டலம் உலோக மணிகளை எலும்பில் பதித்து, இரண்டு குழாய்களால் ஒரே நேரத்தில் படமெடுத்துக் கிண்ணம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுவது. முதல் படம் அறுவை முடிந்த சில நாட்களுக்குள்; தாமதித்தால் தொடக்க நகர்வு கணக்கில் வராமலே போகும். கிண்ணம் இரண்டாண்டில் 0.2 மி.மீ.க்குள் மேலே ஏறினால் ஏற்கலாம், 1 மி.மீ. தாண்டினால் ஏற்கக்கூடாது, இடையில் இருப்பவை ஐயத்துக்குரியவை. ஒரே நாளில் நோயாளியை எழுப்பி மறுபடி படுக்கவைத்து இரண்டாம் படம் எடுத்து, உங்கள் கருவியின் பிழையையும் அறிவியுங்கள்.

நீண்டகாலக் கணக்கில் கப்லான்–மயர் வளைவு (மறு அறுவையின்றி எத்தனை விழுக்காடு நீடிக்கிறது என்று காலவாரியாகக் காட்டுவது) மட்டும் போடுவது வழக்கம். 80 வயதுக்காரர்களின் கூட்டத்தில் அது பொய் சொல்லும். இறந்தவரை அது "இன்னும் மறு அறுவைக்கு வாய்ப்புள்ளவர்" என்பது போல நடத்துவதால், மறு அறுவை விகிதம் கூடித் தெரியும். இறப்பைப் போட்டி நிகழ்வாக (வந்துவிட்டால் மறு அறுவைக்கே இடமில்லாமல் செய்வதாக) வைத்து, திரள் நிகழ்வு விகிதத்தைப் போடுங்கள். மறு அறுவை என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள்: எந்த ஒரு பாகத்தையாவது மாற்றுவதா, கழுவிச் சுத்தம் செய்வதும் சேருமா? மூட்டு நழுவி, மயக்கம் கொடுத்து மூடியபடியே திருப்பி வைத்தது பல ஏடுகளில் எங்குமே வருவதில்லை. நோயாளிக்கோ அதுதான் மறக்க முடியாத நாள்.

பின்தொடர்தல்

6 வாரம், 3 மாதம், 6 மாதம், 12 மாதம் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சன்னல் வேண்டும்: 3 மாதத்துக்கு முன்பின் இரண்டு வாரம், 12 மாதத்துக்கு முன்பின் ஒரு மாதம். சேரும்போதே நோயாளியின் எண்ணோடு உடன் வாழாத உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்குங்கள். படிவம் வராவிட்டால் ஒரு வாரத்தில் நினைவூட்டு, இரண்டாம் வாரம் தொலைபேசி. தொலைபேசியில் 40 கேள்வியும் கேட்டால் பாதியில் வைத்துவிடுவார். முதன்மை முடிவுக்குரிய வினாத்தாளை மட்டும் கேட்டு, தொலைபேசியில் வாங்கியது என்று குறியுங்கள், ஏனெனில் குரலில் கேட்டால் மக்கள் சற்று நல்லபடியாகவே சொல்வார்கள். அழைப்பவருக்கு நோயாளியின் குழு தெரியக்கூடாது. வர மறுத்தவர், ஊர் மாறியவர், இறந்தவர், வேறிடத்தில் மறு அறுவை செய்துகொண்டவர் என்று நான்கு கட்டங்களைத் தனித்தனியே வையுங்கள். "தொடர்பில் இல்லை" என்று ஒரே கட்டம் இருந்தால், எண்ணியிருக்க வேண்டிய தோல்விகள் அந்தக் கட்டத்துக்குள்தான் போய் உட்காரும்.